மச்சானின் நீலக் கார்

பொறாமையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இருந்தது. இப்போதும் இருக்கிறது.

பழைய அமெரிக்கக் கார் மேல் ஆசை முதலில் வந்தது எனக்குத்தான். நான் தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக். ஈப்போவில் ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, வீட்டுக் கொல்லையில் மழையில் நனைந்து கிடந்தது அந்தக் கார். அந்தக் காலத்தில் பெரிய பணக்காரர்கள் மட்டுமே வைத்திருந்த ரகம். படகு மாதிரி நீளம், பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு துடுப்புகள். சட்டம் தனி, பாடி தனியாகக் கழற்றி, காய்கறி லாரியில் மலைக்கு மேலே கொண்டுவந்து எங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வைத்தேன். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தேன். பம்பருக்கு முலாம் பூச ஈப்போவுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்தேன்.

"நான் பொண்டாட்டியா, இல்ல அந்தக் கெரேத்தா பொண்டாட்டியா?" என்று காரைக் காட்டிக் கேட்பாள் மனைவி.

அவள் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு, பக்கத்து ஊர் திரிங்காப்பில் பூத்தோட்டம். ஒருநாள் வந்தான், பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், டீ குடித்தான், போனான். கொஞ்ச நாளில் போன் வந்தது. "மாமா, எனக்கும் ஒன்னு மாட்டிருச்சு லா."

மாட்டியதாம்! எனக்கு எலும்புக்கூடு கிடைத்தது, அவனுக்கு ஓடுகிற கார். நீல நிறம். பூ விற்ற கையோடு ராத்திரி பகலாக உட்கார்ந்து, சீட்டிலிருந்து வயரிங் வரை தானே செய்துவிட்டான். ஏதாவது குறை கண்டுபிடித்தே தீருவது என்று போனேன். பானட்டைத் திறந்தேன், அடியில் படுத்து டார்ச் அடித்தேன். ஒட்டு வேலையில் விரல் வைக்க ஓர் இடம் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். பானட்டை அறைந்து சாத்தினேன்.

அதற்குப் பிறகு தானா ராத்தா டவுனில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு. "உங்க மச்சான் காரு என்னா ஜோரு!" எனக்கு வருகிற கோபத்துக்கு டீக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலிகட்டு.

"பொண்ணு என் கார்லதான் கோயிலுக்குப் போவா" என்றேன்.

"தாய்மாமன் அழைச்சிட்டுப் போறதுதாங்க முறை" என்றாள் மனைவி.

"அழைக்கட்டும், யாரு வேணாம்னா? அவன் கார்ல இல்ல."

ஒரே மகள். அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவது என் கார்தான். அந்த ஒன்றையாவது அவன் என்னிடமிருந்து பறிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முதல் நாள் எஞ்சின் பிடித்தது. லைன் முழுக்கக் கைதட்டினார்கள்.

காலையில் நல்ல பனிமூட்டம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் புறப்பட்டேன். பட்டுப்புடவையில் மகள் பின்சீட்டில் மகாராணி போல உட்கார்ந்திருந்தாள். லைனைத் தாண்டியதும் பாதை ஓரிடத்தில் மடங்கித் திரும்பும். அங்கே காரின் மூக்கு மண்மேட்டில் இடித்தது. வால் தேயிலைச் செடிக்கு மேல் அந்தரத்தில் நின்றது. பின்னால் எடுத்தேன், முன்னால் விட்டேன். ம்ஹூம்.

அப்போதுதான் உறைத்தது. மேலே கொண்டுவந்த அன்றும் லாரி இந்தத் திருப்பத்தோடு நின்றுவிட்டது. எஞ்சின் இல்லாத வெறும் கூட்டை லைன் ஆட்கள் தோளில் தூக்கித்தான் கொட்டகை வரை கொண்டுபோனார்கள். காலமெல்லாம் ஜீப் ஓட்டுகிற எங்களுக்குத் திருப்பம் ஒரு பொருட்டா? ஆணி ஆணியாக அளந்த முட்டாள், பாதையை அளக்கவில்லை. இப்போது இந்தப் பாரத்தை எவன் தூக்குவான்?

"அப்பா, நேரமாச்சுப்பா" என்றாள் மகள்.

கீழே ரோட்டில் காத்திருந்த மச்சான் நடந்து மேலே வந்தான். கார் மாட்டிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் அறைந்திருப்பேன், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். பாவி, சிரிக்கவில்லை.

"விடுங்க மாமா, இத அப்புறம் பாத்துக்கலாம் லா. என் காரு கீழ நிக்குது" என்று மகளைக் கைபிடித்து இறக்கினான். கீழே போனதும் சாவியை என்னிடம் நீட்டினான். "நீங்களே ஓட்டுங்க. அப்பா ஓட்டணும்னுதான் பிள்ளைக்கு ஆசை."

வாங்கிக்கொண்டேன். வேறு வழி? அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான், மகள் பின்சீட்டில். கோயில் வரைக்கும் என் காது முழுக்க எஞ்சினில்தான் இருந்தது. ஏற்றத்தில் திணறும் என்று பார்த்தேன், திணறவில்லை. பிரேக் கத்தும் என்று பார்த்தேன், கத்தவில்லை. எங்காவது ஒரு கடகட? ஒரு நட்டாவது லூஸாக இருக்காதா? இல்லை. சனியன், வெண்ணெயாக ஓடியது.

கோயில் வாசலில் மேளம் முழங்கியது. மகள் இறங்க, பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மனைவி பதறிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க, பிள்ளை கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? வழியில அழுதாளா?"

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். பதில் சொன்னது மச்சான்.

"ஏறினதுலேர்ந்து அழுகதான்க்கா. இனிமே அப்பாவுக்கு யாரு டீ கொண்டுபோய்க் குடுப்பா, கொட்டகையே கதின்னு கிடப்பாரேன்னு ஒரே பொலம்பல். என் கைக்குட்டையத்தான் குடுத்தேன்."

அதையும் அவன்தான் கேட்டிருக்கிறான்.