கச்சான் காற்றுக்கு ஒரு சாண்

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதன் பிறகு உப்பளத்தில் உப்பு வாரினேன், திருச்செந்தூர் லாட்ஜ் ஒன்றில் படுக்கை விரித்தேன், குஜராத் போகும் லாரியில் கிளீனராக இருந்தேன், துறைமுகத்தில் சரக்கு ஏற்றினேன். துறைமுகத்தில் வலது கைச் சுண்டுவிரலின் நுனியை இரும்புக் கயிறு ஒன்று எடுத்துக்கொண்டது. சில நாள் வலித்தது, பிறகு அடுத்த வேலை கிடைத்தது. எந்த ஊரும் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஒத்துவந்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணியின் பின்னால் ஜூன் தொடங்கி அடுத்த ஜூன் வரை அலைந்தேன் என்று சொன்னால், அந்த வருடம் உனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கிறார்கள்.

காரணம் என் அக்கா மகள், எனக்கு மருமகள் முறை. அப்போது அவள் பிளஸ் டூ. அவள் அப்பா மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகும் தோணியில் வேலை பார்த்தார், கரையில் இருந்த நாட்கள் குறைவு. பெண் மட்டும் யாரும் கவனிக்காத நேரத்தில் வாசல் நிலையைத் தொடும் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, கூடைப்பந்து ஆடுகிற பெண்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசமாகத் தருவதாக யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மாவட்டத்தில் முதலில் வந்தால்தான் மாநிலப் போட்டி. அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வருடம்தான். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அக்கா முன்கூட்டியே முடிவு செய்து, ஒரு ஜவுளிக்கடையில் சொல்லியும் வைத்திருந்தாள்.

"ஏணி இல்லாம மேத்தட்டுச் சேலைய எடுப்பான்னு சொன்னேன். ஒடனே சரின்னுட்டாவ."

மருமகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் அப்போதுதான் சொந்த ஊரான தூத்துக்குடிக்குத் திரும்பி, ஒரு பழைய குட்டியானை வண்டி வாங்கி, உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாடு அக்கா வீட்டில்.

"ஏலே, சும்மா தின்னுட்டுக் கெடக்கதுக்கு இவள கிரவுண்டுக்குக் கொண்டு விட்டுட்டுக் கூட்டிட்டு வா. ஒனக்கும் ஒரு சோலி ஆகும்" என்றாள் அக்கா.

கிரவுண்டுக்கும் கடலுக்கும் இடையே இருந்தது ஒரு தெருவும் ஒரு சுவரும். கூடை மாட்டியிருந்த இரும்பு வளையத்தை உப்புக் காற்று தின்று, பந்து பட்டால் துரு கொட்டியது. பந்து கூடைக்குள் விழுந்ததற்கு எங்கள் பிள்ளைகளின் தலையில் விழும் துருதான் சாட்சி. ஜூனில் பள்ளி திறக்கும்போது மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிடும். மண்ணை வாரிக்கொண்டு குறுக்கே அடிக்கும். கூடையைப் பார்த்து நேராகப் போட்ட பந்து கிழக்கே போகும். அதனால் எங்கள் அணிப் பிள்ளைகள் கூடைக்கு மேற்கே ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். காற்று பந்தைக் கொண்டுவந்து கூடையில் விட்டது.

இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மீன் விற்று முடித்த அம்மாமார் நாலைந்து பேர் மாலையில் சுவரோரம் வந்து உட்காருவார்கள். கடலுக்குப் போகிறவர்களின் மனைவிகள், காற்றைக் கவனிக்காமல் அவர்களால் காப்பிகூடக் குடிக்க முடியாது.

"ஏளா, கச்சான் ஏறிட்டு! மேக்க ஒரு சாண்!"

"ஒன்றரை போடு! ஒன்றரை!"

பிள்ளைகளும் அப்படியே போட்டார்கள். பி.டி. டீச்சர் இதைப் பொருட்படுத்தவில்லை. அவர் ஒரு காலத்தில் கபடி வீராங்கனை. பந்தைக் கையில் வைத்திருப்பவளைப் பிடித்து உட்கார வைக்கக் கூடாது என்பதே அவருக்குக் கூடைப்பந்தில் பிடிக்காத விதி.

ஜூலையில், மாவட்டப் போட்டிக்கு முதல் படியான குறுவட்டப் போட்டி எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது. வந்த அணிகள் நேராகப் போட்டன. ஒரு பந்து கூடையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, டீக்கடை பாய்லர் பக்கத்தில் போய் நின்றது. கடைக்காரர் அதைத் தர மறுத்து, ஆளுக்கு ஒரு டீயாவது குடியுங்கள் என்றார். எல்லா ஆட்டத்திலும் எங்களுக்கே வெற்றி. பி.டி. டீச்சருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். கச்சானுக்கு யாரும் ஒன்றும் போர்த்தவில்லை.

ஆகஸ்டில் நாசரேத்தில் ஒரு அழைப்புப் போட்டி. பிள்ளைகள் டீச்சரோடு பஸ்ஸில் போனார்கள். அம்மாமாரும் அக்காவும் என் குட்டியானையில் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே ஏறினார்கள். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது. ஏற்றினோம். பாலத்தருகே போலீஸ்காரர் நிறுத்தினார்.

"என்ன லோடு?"

"பாஸ்கட் பால்" என்றாள் அக்கா.

அவர் கூடைகளைப் பார்த்தார், குனிந்து மோந்தார், போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

நாசரேத்தில் ஆட்டம் நடந்த இடத்தைச் சுற்றிலும் கட்டடமும் மரமும். ஒரு இலை ஆடவில்லை. எங்கள் பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடினார்கள், நன்றாகத்தான் பிடித்தார்கள். பந்து மட்டும் கூடைக்குள் போகவில்லை. அம்மாமார் வந்த வேலையை மறக்கவில்லை.

"மேக்க ஒரு சாண்! மேக்க!"

வேர்க்கடலை தின்றபடி கம்பத்தின் பின்னால் நின்ற எனக்கு ஒன்று தெரிந்தது. வடக்குக் கூடைக்குப் போட்ட பந்து வேப்பமரத்துப் பக்கம் தப்பியது. இடைவேளைக்குப் பிறகு தெற்குக் கூடைக்குப் போட்டதும் அதே வேப்பமரத்துப் பக்கம்தான் தப்பியது. வேப்பமரம் நின்றது மேற்கே. இல்லாத காற்றுக்கு எங்கள் அணி இடம் விட்டு ஆடிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றுக்கு ஏழு. திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திப் பின்னால் வந்து சொன்னேன்.

"எக்கா, புள்ளைய எல்லாம் காலால ஆடுனாவ. நீங்க வாயால தோக்கடிச்சிட்டிய. அங்கன காத்தே கெடையாது."

"காத்து இல்லாத ஊருல மனுசன் எப்படில இருக்கான்?" என்றாள் கருவாடு விற்கும் அம்மா ஒருத்தி. அவள் அதை உண்மையாகவே கேட்டாள்.

"ஒரு சாண் தள்ளித்தான் எல்லாமே விழுந்துது, நான் பாத்தேன்" என்று கையை விரித்துக் காட்டினேன்.

"ஒன் சாணுல விரல் கொறையுதே தம்பி. அத நம்பி என்னத்தப் பேச?"

மருமகள் நம்பினாள். அன்று ராத்திரிச் சோற்றைத் தொடாமல் என்னிடம் கேட்டாள். "மாமா, மாவட்டப் போட்டி இந்த வருசம் கூரை போட்ட ஹால்லயாம். அங்கன காத்து வருமா?"

"வராது."

"அப்ப காத்து இல்லாத எடம் ஒண்ணு காட்டுங்க."

தூத்துக்குடியில் காற்று இல்லாத இடத்தைத் தேடுவது சும்மா இல்லை. நான் உப்பு ஏற்றும் கிட்டங்கிதான் நினைவுக்கு வந்தது. நான்கு பக்கமும் சுவர், மேலே தகரம், உள்ளே இரண்டு உப்புக் குவியல், நடுவே லாரி திரும்புகிற அளவுக்கு வெற்றுத் தரை. நான் உத்தரத்தில் வளையத்தையும் வலையையும் மாட்டினேன். கிட்டங்கி முதலாளி அண்ணாச்சி வலையை அண்ணாந்து பார்த்தார்.

"இப்படி அடியில்லாத கூடைய எவனாவது என் அளத்துக்குக் கொண்டுவந்தான்னா, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவேன்."

"அண்ணாச்சி, இது அப்படித்தான்."

"எப்படியும் போங்க. உப்புல மிதிக்காம ஆடுங்க."

உப்பில் மிதிக்காமல் அங்கே நிற்கக்கூட முடியாது. தவறிய பந்து குவியலில் புதைந்தது, தோண்டி எடுத்தோம். பிள்ளைகளின் முட்டிச் சிராய்ப்பில் உப்புப் பட்டால் துள்ளினார்கள். மருமகளின் குதிகால் வெடித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினாள். அளத்தில் நான் வேலை பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது, ஆனால் அங்கே கூடை போட்டால் யாரும் கை தட்டவில்லை. ஒரு மாதத்தில் பந்தின் தோல் உரிந்தது. பந்து நேராக விழத் தொடங்கியது.

மிச்சம் இருந்தது அம்மாமாரின் வாய். பி.டி. டீச்சர் முன்னிலையில் அத்தனை பேரையும் சத்தியம் செய்ய வைத்தேன். மாவட்டப் போட்டி முடியும்வரை காற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, மாதா மேல் சத்தியம். அக்கா கடைசியாகத்தான் செய்தாள், அதுவும் முனகிக்கொண்டு.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு தகவல் வந்தது. ஹாலின் கூரையில் ஏதோ பழுது. போட்டி திருச்செந்தூரில், கடலைப் பார்த்த திறந்த மைதானத்தில்.

நான் விடியுமுன்னே வண்டியைக் கொண்டுபோய்விட்டேன். கடலில் ஒரு முழுக்குப் போட்டு, ஈரத் துண்டைக் கூடைக்குப் பின்னால் இருந்த கம்பி வேலியில் காயப் போட்டேன். துண்டு உடனே படபடவென்று மேற்கே பறந்தது. பருவம் மாறியிருந்தது. அடித்தது கச்சான் இல்லை, கடலிலிருந்து வந்த கொண்டல். எங்கள் பிள்ளைகளுக்குக் கச்சான் தெரியும், புதிதாகக் காற்றில்லாமையும் தெரியும். கொண்டலில் அவர்கள் பந்து போட்டதே இல்லை.

காலை ஆட்டங்களில் எதிரணிகள் சுமார், எப்படியோ தப்பித்தோம். இறுதி ஆட்டம் நாசரேத்தில் எங்களைத் தோற்கடித்த அதே அணியோடு. எங்கள் பிள்ளைகள் கிட்டங்கியில் பழகியபடி நேராகப் போட்டார்கள். பந்து மேற்கே போனது. அவர்களுடையதும் போனது, ஆனால் அவர்கள் உயரம் அதிகம், கூடைக்கு அடியில் போய்ப் போட்டார்கள். அம்மாமார் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இடைவேளையில் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தோம்.

மருமகள் என்னிடம் வந்தாள். "மாமா, இது எந்தக் காத்து?"

"கொண்டல்."

"எவ்வளவு தள்ளணும்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் ஓடினேன்.

"எக்கா, வாயத் தொறங்க! சொல்லுங்க!"

"சத்தியம் பண்ண வச்சியே பாவி!" என்றாள் அக்கா.

"அத விடுங்க எக்கா, கால்ல வேணா விழுதேன்!"

கருவாட்டுக்கார அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு கண்ணைத் திறந்து, "மாதாகிட்ட ரெண்டு மெழுகுதிரி கூடப் பொருத்துதேன்னு சொல்லியாச்சு. நீங்களும் சொல்லுங்கடி" என்றாள். எல்லாரும் ஆளுக்கு இரண்டு சொன்னார்கள். அடுத்த நிமிடம் மைதானம் அதிர்ந்தது.

"ஏளா, கெழக்க! கெழக்க முக்காச் சாண்!"

"விட்டு விட்டு அடிக்கி, பாத்துப் போடு!"

"இப்ப ஒரு சாண்!"

பந்துகள் விழத் தொடங்கின. எதிரணியின் டீச்சர் நடுவரிடம் புகார் செய்தார். பார்வையாளர் காற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று நடுவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம். மருமகளைத் தள்ளிவிட்டதற்காக இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவதைக் கிழக்கே ஒரு சாண் தள்ளிப் போட்டாள். விழுந்தது. சமன்.

இரண்டாவதற்குக் காற்று வெறி பிடித்து அடித்தது.

"ஒன்றரைச் சாண்!" என்றாள் அக்கா.

"ரெண்டு!" என்றாள் கருவாட்டுக்கார அம்மா.

"நேராப் போடு!" என்று கத்தியவன் நான். ஏன் கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

மருமகள் போடவில்லை. பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஐந்து நொடிக்குள் போட வேண்டும். நடுவர் கையை வீசி எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. அதுவரை சுத்தத் தமிழில் பேசிவந்த பி.டி. டீச்சர், "எம்மா தாயே, போட்டுத் தொலைளா!" என்று அலறினார். நான்கு. காற்று மூச்சு வாங்குவதுபோல ஒரு கணம் நின்றது. அவள் நேராகப் போட்டாள். வலை மட்டும் அசைந்தது.

ஊர் திரும்பும்வரை வண்டியில் சண்டை ஓயவில்லை. நேராகப் போடச் சொன்னது நான்தான் என்று நான் சொன்னேன். நீ சொல்லி ஒரு காரியம் ஒழுங்காக நடந்ததாகச் சரித்திரம் இல்லை என்றாள் அக்கா. மருமகளைக் கேட்டோம்.

"யாரு சத்தமும் காதுல விழல. மாமா துண்டு வேலில ஆடிட்டு இருந்திச்சு. அது தொங்கினதும் போட்டேன்."

ஜனவரியில் மாநிலப் போட்டி. கண்ணாடி ஜன்னல்களை அடைத்த பெரிய ஹால், காற்று கிடையாது, கிட்டங்கிப் பழக்கம் கைகொடுக்கும் என்று நம்பினோம். எதிரே வந்த பிள்ளைகளுக்குக் காற்று இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஐம்பத்திரண்டுக்குப் பதினாறு, முதல் ஆட்டத்தோடு மூட்டையைக் கட்டினோம். ஆடியவர்கள் எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தோத்ததுக்கும் சர்டிபிகேட்டு குடுக்காவளா?"

"ஆடினதுக்குக் குடுக்காவ" என்றேன்.

"அப்ப ஒனக்கு இதுவரைக்கும் ஒரு கட்டு வந்திருக்கணுமேல."

ஜவுளிக்கடைக்குப் போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த ஜூனில் மருமகளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டோம். முதல் வாரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, இங்கன கோச்சு திட்டுதாரு. ஒவ்வொரு தடவையும் போடுறதுக்கு முன்னால அந்தப் பக்கம் என்னத்தம்மா பாக்கன்னு கேக்காரு."

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. நீங்க அந்தத் துண்டக் குடுத்து விடுங்க."

அந்த வாரம் குட்டியானையை விற்பதாக இருந்தேன், ராமேஸ்வரத்தில் ஒரு வேலை சொல்லியிருந்தார்கள். துண்டைத் துவைத்துப் போட்டுவிட்டு, காயட்டும் என்று காத்திருந்தேன்.