பாதிப் பல்

2010. என்னைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், பஸ் திடீரென்று நின்றதில் முன்சீட்டுக் கம்பியில் மோதி என் முன்பல் பாதி உடைந்துபோனது. விடிந்ததும் அம்மா திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

பல்லின் நிறத்திலேயே ஒரு பசை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தால் உடைந்ததே தெரியாது என்றார் டாக்டர். உதட்டுக்குள் பஞ்சை அடைத்து, பல்லில் மருந்து தடவிக் காயவைத்தார்.

"வாய மூடிடாதீங்க. எச்சில் பட்டா ஒட்டாது, மறுபடி மொதல்லேருந்து செய்யணும்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இன்வர்ட்டரும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றது. கீழ்க்கடை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சொல்ல டாக்டர் வெளியே போனார். விசிறி நின்ற அறையில் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். தாடை வலித்தது.

அம்மாவின் செல்போன் அடித்தது. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் மாமா.

"சொல்லுண்ணா. படிப்பா? அதெல்லாம் வேணாம்னு அவளே சொல்லிட்டாண்ணா. வீட்லயே இருக்கேன்றா. அவுங்ககிட்ட தைரியமா சொல்லு."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. படிக்கப் போன வாரம்தான் இடம் கிடைத்திருந்தது. "ஆ, ஆ" என்று சத்தம் போட்டேன்.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்க" என்று என் தோளை அழுத்திவிட்டு, "ஆமாண்ணா, ஆவணியிலயே வெச்சிக்கலாம்" என்றாள் போனில்.

கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. எழுந்து உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

"நா எப்பம்மா சொன்னேன்?" போனைப் பறித்தேன். "மாமா, நா படிப்ப விடமாட்டேன். அவுங்ககிட்ட சொல்லிடுங்க."

திரும்பி வந்த டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "படுங்க, மறுபடி செஞ்சிடலாம்" என்றார்.

"வேணாம் விடுங்க. இனிமே யாருக்குக் காட்டப் போறா?" என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சிதம்பரத்திலிருந்து யாரும் வரவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டதால் கல்லூரியில் சேர்ந்தேன். அம்மா மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை மட்டும் வாசல் பக்கம் வைத்துவிடுவாள். பாதிப் பல் தெரியாமலிருக்க, பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்காருவேன். பதில் தெரிந்தாலும் வகுப்பில் வாய் திறக்க மாட்டேன். வீட்டில் பேச ஆளில்லை, வெளியே பேச வாயில்லை.

கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் அம்மாவே அதே டாக்டரிடம் கூட்டிப்போனாள். இந்த முறை கரண்ட் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அம்மா என் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கிழம பரங்கிப்பேட்டைலேருந்து வராங்க. படிச்ச பொண்ணுதான் வேணுமாம்" என்றாள்.

"வரட்டும். வேலைக்குப் போவேன்னு நானே அவுங்ககிட்ட சொல்லிக்கிறேன்."

அம்மா வெளியே வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.