உறைந்துபோன கணினியும் மீன்காரரின் ஹோனும்

பள்ளிமுனையில் மீன் வைக்கும் ஐஸ் அறை ஒன்றின் சூட்டை அளக்கும் கருவிக்கு நான் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். அறை சூடானால் கருவி கணினியைக் கூப்பிடும். இந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் இன்டரப்ட். கணினியின் கருவான கேர்னல், கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு என் நிரலை ஓட்டி அளவை வாங்கவேண்டும். ஆனால் முதல் கூப்பாட்டிலேயே கணினி உறைந்துபோனது. எந்த விசையைத் தட்டினாலும் அசையவில்லை. கருவியைத் திட்டினேன், அதை விற்றவனையும் திட்டினேன்.

ஒருநாள் காலை, கீரி ஊரில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் மீன்காரர் சைக்கிளை நிறுத்தி ஹோன் அடித்தார். நான் எழும்பி மீன் வாங்கச் சட்டியைத் தேடினேன். ஹோன் நிற்கவில்லை. சட்டியைக் கழுவினேன். அப்போதும் நிற்கவில்லை.

"இந்த மனுசனுக்கு என்ன அவசரம்?" என்று கத்தினேன்.

"முதல்ல ஓம் எண்டு குரல் குடுங்கோ. நீங்கள் சட்டி கழுவுறது அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் மனைவி குசினியிலிருந்து.

"ஓம், வாறன்!"

ஹோன் நின்றது. நானும் சட்டியோடு அப்படியே நின்றேன். என் நிரல் அளவை வாங்கியதே தவிர, 'கேட்டுவிட்டது' என்று கருவிக்குச் சொல்லவேயில்லை. அது விடாமல் கூப்பிட, கேர்னல் வேறெதையும் பார்க்கமுடியாமல் அதனிடமே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சட்டியை மேசையில் வைத்துவிட்டு, அதைச் சொல்லும் ஒரு வரியை நிரலில் சேர்த்தேன். கணினி ஓடியது. எனக்கும் மூச்சு வந்தது.

மீன்காரருக்கு ஓம் சொன்னவன் படலைக்குப் போகவேயில்லை. மத்தியானம் மனைவி மீன் இல்லாமல் பருப்பை மட்டும் வைத்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.