கறுத்த நாக்கும் பதினொன்றரை மணிச் சோறும்

என் நாக்கு கறுத்த கதையை நான் என் மருமகள்களிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி போயிருக்கும். இப்போது அவர்களுக்கே தலை நரைத்துவிட்டது. இனி யார் என் வாய்க்குப் பயந்தால் என்ன, பயப்படாவிட்டால் என்ன.

ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது மகாராஜா காலம். வீடு தேவராஜ மொகல்லா என்கிற பேட்டையில். மாமனார், என் வீட்டுக்காரர், கொழுந்தனார் மூன்று பேரும் மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை வைத்திருந்தார்கள். வீட்டுக்கும் கடைக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் கடையை ஆளில்லாமல் விடக்கூடாது என்று ஒருத்தர் போய் ஒருத்தர்தான் சாப்பிட வருவார்கள். மாமனார் பன்னிரண்டு மணிக்கு. என் வீட்டுக்காரர் ஒன்றரைக்கு. கொழுந்தனாருக்கு இருபத்திரண்டு வயசு. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசிவிட்டு வந்து சேர இரண்டரை ஆகும். கடைசி ஆம்பளை கை கழுவின பிறகுதான் பொம்பளைகள் சாப்பிடவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். பொம்பளைகள் என்றால் நானும் மாமியாரும்தான். விடியக்காலையில் ஒரு டம்ளர் காப்பி, அதற்கப்புறம் மூன்று மணிக்குக் களி. இடையில் இருந்ததெல்லாம் அடுப்புப் புகை.

இரண்டு வருஷத்தில் எனக்கு நெஞ்சுக்கரிப்பு வந்தது. நெஞ்சுக்குள்ளே யாரோ குமுட்டி அடுப்பைப் பற்றவைத்து, உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கும். ஆட்டுக்கல்லுக்கு முன்னால் குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

"சீரகத்த மென்னு முழுங்கு அம்மிணி, செரியாப் போயிரும்" என்றார் மாமியார். மென்றேன். சீரகமும் சேர்ந்து கரித்தது.

கடைசியில் என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கன்னடக்காரர். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஹொத்து ஹொத்திகெ ஊட்ட மாடம்மா" என்றார். வேளா வேளைக்குச் சாப்பிடு என்று அர்த்தம். என் வீட்டுக்காரருக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் நன்றாக வரும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் நானே கேட்டேன். "ஏனுங்க, அத்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் பதினோரு மணிக்கு ரெண்டு வாய் தின்னுக்கறேன்."

"அம்மாகிட்ட நான் எப்படிப் புள்ள சொல்றது? மருந்தக் குடி. மருந்து எதுக்குக் குடுத்திருக்காங்க?"

மருந்துக்கு பாட்டிலை நாம்தான் கொண்டுபோகவேண்டும். வீட்டில் காலியாக இருந்தது ஒரு விளக்கெண்ணெய் பாட்டில். கம்பவுண்டர் அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளை மிக்சரை ஊற்றினார். பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டின ஒரு காகிதத்தை ஒட்டினார். ஒரு பல் ஒரு வேளை. மொத்தம் பன்னிரண்டு பல், நாலு நாளைக்கு.

மிக்சர் நல்ல மிக்சர்தான், குறை சொல்லக்கூடாது. கரிப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் அது தனியாக வரவில்லை, சொந்தபந்தத்தோடு வந்தது. முதலில் வந்தது ஏப்பம். மாமனார் சாப்பிட உட்காருகிற நேரம் பார்த்துத்தான் வரும். நான் குழம்புக் கரண்டியோடு சமையலறைக்கு ஓடி, ஓர் ஏப்பத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து பரிமாறுவேன். "மருமகளுக்கு என்ன, காலு நிக்கமாட்டேங்குது?" என்று கேட்டார் அந்த மனுஷர்.

அடுத்து வந்தது மலச்சிக்கல். மூன்று நாள் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்து, மதில்மேல் நடக்கிற எறும்புகளோடு நன்றாகப் பழகிவிட்டேன். நாலாம் நாள் போனதைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. கரியாகக் கறுத்துக் கிடந்தது. நெஞ்சில் எரிந்ததெல்லாம் உள்ளே கரியாகி வெளியே வருகிறது என்று நினைத்தேன். வீட்டுக்குள் ஓடிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து அழலாம் என்று வாயைத் திறந்தால், நாக்கும் கறுப்பு. நாவல்பழம் தின்றவளுக்குக்கூட அப்படிக் கறுக்காது.

மருந்து தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கம்பவுண்டரிடம் போய் அழுதேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கப்பாகுத்தெ தாயி, பயப்படபேடி. மேலயும் கறுக்கும், கீழயும் கறுக்கும். மருந்த நிறுத்தினா எல்லாம் பழையபடி ஆயிடும்."

நிம்மதியாகத் திரும்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது ஒரு காரணமும் இல்லை, வெட்கம்தான். காரணம் அடுத்த நாள் வந்தது.

கொழுந்தனார் புதுச்செருப்பு வாங்கியிருந்தார். தெருமுனையில் நடந்தால் அடுப்படியில் கேட்கும், அப்படி ஒரு கிறீச் சத்தம். அதைப் போட்டுக்கொண்டு நஞ்சன்கூட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்.

"கொழுந்தனாரே, இது கத்துற கத்துக்கு, கோயில் வாசல்ல இன்னொருத்தர் கால்ல ஏறினாத்தான் அடங்கும் பாருங்க" என்று நான் சும்மா ஒரு வார்த்தை விட்டேன்.

சாயங்கால ரயிலில் அவர் வெறுங்காலோடு வந்து இறங்கினார். சத்தமே இல்லாமல் வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் என்னால் அடக்கமுடியவில்லை. வாயைப் பிளந்து சிரித்தேன்.

அவர் என் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டடி பின்னால் போனார்.

"அம்மா! இங்க வாங்க! அண்ணிக்குக் கருநாக்கு!"

கருநாக்குக்காரி சொன்னால் சொன்னது நடக்கும், அதிலும் கெட்டது சீக்கிரம் நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம். மாமியார் வந்து என் தாடையைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கண்ணாலத்தன்னிக்கு செகப்பாத்தான அம்மிணி இருந்துச்சு?"

"தெரியலீங்கத்தை. என்ற நாக்க நானே எங்கீங்க பாக்கறது?"

மறுநாள் பால்காரம்மா வந்தாள். அவள் பாலில் அடி தெரியும். செருப்புச் சேதி தெரு முழுக்கப் போயிருந்தது போல. "உங்க எருமை..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் செம்பைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பொத்தினாள்.

"பேடா தாயி, பேடா! ஏனூ ஹேளபேடி!"

ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எருமையின் கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் வந்தேன் நான். அடுத்த நாளிலிருந்து பால் வடிகட்டியில் இறங்காமல் நின்றது.

இவ்வளவும் பார்த்த கொழுந்தனார் அவருடைய அம்மாவிடம் போய் நின்றார். "அம்மா, அண்ணிக்கு நேரத்துல சோத்தப் போட்டுருங்க. பசில இருக்கிற வாயில என்ன வரும்னு சொல்லமுடியாது. அப்பா வேற கடைக்கூரைய மாத்தோணும்னு இருக்காரு."

மாமனாரும் கூடத்திலிருந்து, "போட்டுத் தொலைங்க" என்றார்.

டாக்டர் சொல்லி நடக்காதது, புருஷனிடம் கெஞ்சி நடக்காதது, ஒரு ஜோடிச் செருப்பு தொலைந்ததில் நடந்துவிட்டது. பதினொன்றரை மணிக்கு எனக்கு இலை போட்டார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். வெற்றிலை மட்டும் மெல்லுவார். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று முறை போடுகிறவர், இப்போது விடிந்ததிலிருந்து வாயை மூடி மென்றுகொண்டே இருந்தார். என் நாக்குக்குத்தான் இவ்வளவு பயம் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

மூன்று வாரத்தில் கரிப்பு ஓடியே போய்விட்டது. அங்கேதான் சிக்கல். கரிப்பு போனால் மருந்தை நிறுத்தவேண்டும். மருந்தை நிறுத்தினால் நாக்கு சிவந்துவிடும். நாக்கு சிவந்தால் மறுபடியும் மூன்று மணிச் சோறு. மூன்று மணிச் சோறு தின்றால் மறுபடியும் கரிப்பு. அதனால் இல்லாத வியாதிக்கு மருந்தும், மருந்தால் வந்த மலச்சிக்கலுக்கு நஞ்சன்கூட்டு வாழைப்பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தினம் நாலு பழம் வாங்கிவருவார். பழம் கேட்டு நான் வேறு வார்த்தை ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று, கேட்காமலே வாங்கிவருவார்.

ஒருநாள் பாட்டிலை எடுத்துப் பார்க்கிறேன், எட்டுப் பல் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்துதான் இருந்தது. அடுத்த பாட்டிலும் அப்படியே. யாரோ குடிக்கிறார்கள்! குடிக்கிறவர் நாக்கும் கறுக்குமே, அப்புறம் என் பெருமை என்னாவது? புருஷனை, "நாக்க நீட்டுங்க, புண்ணு மாதிரி இருக்குது" என்று சொல்லிப் பார்த்தேன். நல்ல ரோஜாப்பூ. கொழுந்தனாரிடம் கேட்டதற்கு, "எதுக்குங்க அண்ணி? என்ற நாக்குக்கும் ஏதாச்சும் ஆகப்போகுதா?" என்று எட்டி நின்றுகொண்டே நீட்டினார். அதுவும் சிவப்பு. மாமனாரை நாக்கை நீட்டச் சொல்லும் தைரியம் கருநாக்குக்கும் இல்லை.

அன்றைக்கு நான் பாதிச் சோற்றில் இருக்கும்போது, பக்கத்தில் மாமியார் இல்லை. மோர் எடுக்க எழுந்தவள் சரக்கு அறையை எட்டிப் பார்த்தேன். ராகி மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, பாட்டிலை அண்ணாந்து வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை!"

பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார், திருடித் தின்ற பிள்ளை மாதிரி.

"வாயத் தொறங்கத்தை."

வெற்றிலைச் சாற்றுக்கு அடியில் கறுப்பு. என்னுடையதைவிட ஒரு சாயம் கூடத்தான்.

"எத்தன நாளாங்க கரிக்குது?"

"நாளா? உன்ற புருஷன் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து கரிக்குது."

"சொல்லலாமில்லீங்களா?"

"ஆருகிட்ட அம்மிணி சொல்றது? என்ற மாமியாகிட்டயா? அவங்களுக்கும் கரிச்சுட்டுத்தான் இருந்துச்சு."

பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"அப்ப என்ற நாக்கு எதனால கறுத்துதுன்னு உங்களுக்கு..."

"என்ற நாக்கு கறுத்தன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. கருநாக்காம் கருநாக்கு. பால்காரி நெதமும் உன்னக் கும்பிடறா, நான் சிரிப்ப அடக்கமாட்டாம வெத்தலைய அதக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

"ஏனுங்கத்தை சொல்லல?"

"சொன்னா நீ மறுபடி மூணு மணிக்கில்ல திங்கோணும்" என்றார். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். "அத்தை, வாயக் கொப்பளிச்சுட்டு வாங்க. வெத்தல இல்லாம."

"எதுக்கு?"

"மாமா வர்ற நேரமாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். புரிந்தது. நேராகக் கொல்லைக்குப் போய் இரண்டு சொம்புத் தண்ணீரில் கொப்பளித்தார். நான் இன்னோர் இலையை எடுத்து என் இலைக்குப் பக்கத்தில் போட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மாமனார் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குப் பலகை போடவில்லை. இலை போடவில்லை. அடுப்படியில் இரண்டு இலை. மாமியார் அவர் முன்னால் போய் நின்று, முழு நாக்கையும் வெளியே நீட்டினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் புருஷனிடம் நீட்டின முதல் நாக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்கும் கறுத்துப்போச்சுங்க. இனிமே நானும் அவளும் பதினொண்ணரைக்குத் தின்னுருவோம். இன்னிக்கு நேரமாயிருச்சு. நீங்க சித்த உக்காருங்க. நாங்க தின்னுட்டு வந்து போடறோம்."

மாமனார் நாக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இவர் ஒரு கத்துக் கத்தினால் என் இலையும் சேர்ந்தல்லவா போகும்?

"உன்ற நாக்கு செகப்பா இருந்தப்பவே நீ சொன்னதெல்லாம் நடந்துட்டுத்தான இருந்துச்சு" என்றார். "இது வேறயா?"

தானே பலகையை எடுத்துப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். மாமியார் முதல் வாயை எடுத்து வைத்துவிட்டு, "கொழம்பு சூடா இருந்தா இப்படியா இருக்கும்?" என்றார். அவர் கையால் அவரே முப்பது வருஷமாக வைத்த குழம்பு.

அந்த வாரமே மிக்சரை நிறுத்திவிட்டோம். பத்து நாளில் இரண்டு நாக்கும் பழையபடி சிவந்துவிட்டன. ஆனால் நாங்கள் யாருக்கும் நீட்டிக் காட்டவில்லை. அவர்களும் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. பாட்டிலில் மறுபடியும் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தோம். பல்வெட்டின காகிதம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க்குளியல் வந்தால் மாமியார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "உனக்கு ஒரு பல்லு, எனக்கு ஒரு பல்லு" என்று அளந்து ஊற்றுவார்.