படத்தில் அது பிள்ளையின் வீடு

மாற்றாந்தாய் வரும் படங்களைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பழைய படங்களில் அவள் சூடு போடுவாள், சோறு போடமாட்டாள். இப்போது வரும் படங்களில் நல்லவள். பிள்ளை அவளை வெறுக்கும், பிறகு காய்ச்சல் வரும், இவள் கண்விழித்துப் பார்ப்பாள், பிள்ளை "அம்மா" என்று கூப்பிடும். என் கணவரின் முதல் மனைவியின் மகளுக்குக் காய்ச்சலும் வரவில்லை, என்னை வெறுக்கவும் இல்லை. "சாச்சி, தண்ணி எடுக்கவா?" என்று, சின்னம்மா முறை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பிரிட்ஜைத் திறப்பாள்.

ஒன்பது வயது. தாய் மௌத்தான பிறகு பாலமுனையில், தாயின் வீட்டிலேயே, பெரியம்மாவோடு வளர்கிறாள். பள்ளி விடுமுறைக்குக் கல்முனைக்கு எங்களிடம் வந்திருந்தாள். பிள்ளை விரும்பினால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அவளுடைய வாப்பா, என் கணவர். அதைக் கேட்கும் பொறுப்பு என் தலையில். வெள்ளிக்கிழமை பெரியம்மா கூட்டிப்போக வருவார். வியாழன் பின்னேரமாகியும் நான் கேட்கவில்லை. இருக்கிறாயா, போகிறாயா என்று கேட்டால் போகச் சொல்வதாக நினைப்பாளோ? கேட்காவிட்டால், வேண்டாத பிள்ளை என்று நினைப்பாளோ?

அப்படியொரு படத்தைப் போட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினேன். மடியில் என் மகன் பால் குடித்துக்கொண்டிருந்தான். படத்தில் சின்னம்மா பெட்டியோடு வந்து இறங்கினாள். நான் மகளின் முகத்தையே பார்த்திருந்தேன். படத்துச் சின்னம்மாவைவிட நான் பரவாயில்லையா? படத்துப் பிள்ளை கதவை அடித்துச் சாத்தியது.

இவள் சிரித்தாள். "அந்தப் புள்ளைக்கு என்ன சாச்சி? அது அதுட ஊடுதானே. அடிச்சுச் சாத்தலாம்."

"நீங்களும் சாத்துங்களேன் மகள்."

"இது உங்கட ஊடு. உங்கட வாப்பா கட்டித் தந்தது. எங்கட வாப்பாவே இங்க மாப்பிள்ளைதானே!"

சரிதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம்; ஆண்தான் வந்து சேர்வான். படங்களில் சின்னம்மா பிள்ளையின் வீட்டுக்குள் வருகிறாள். இங்கே பிள்ளைதான் என் வீட்டுக்குள் வந்திருக்கிறாள். பாலமுனையில் இருக்கும் அவள் உம்மாவின் வீடு பிற்காலத்தில் அவளுக்குத்தான். இங்கேயே இரு என்றால், எதை விட்டுவிட்டு வரச் சொல்கிறேன்?

கேட்க நினைத்தது வாயில் மாறிவிட்டது. "மகள், அடுத்த கிழமை நாங்க உங்கட ஊட்ட வந்து ரெண்டு நாள் நிக்கவா?"

கேட்ட பிறகுதான் பயம் பிடித்தது. முதல் மனைவியின் வீட்டில் இரண்டாமவள் போய்த் தங்குவதா? என் உம்மா என்ன சொல்வா? பெரியம்மா முகம் கொடுப்பாவா? என் கணவருக்கு அந்த வாசலை மிதிக்க மனம் வருமா?

அவள் படத்தை நிறுத்தச் சொன்னாள். வீட்டுக்காரி போல யோசித்தாள்.

"வாங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க. ஆனா உம்மாட அறையில படுக்க ஏலா, அது நான் படுக்கிற. முன்னறையில பாய் போட்டுத் தாறன்."

"ஓம்" என்றேன்.

நாளைக்கு அவள் போகிறாள் என்பது அத்தோடு முடிவாகிவிட்டது. எனக்கு வந்தது நிம்மதியா, தோல்வியா? அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அவள் என் பக்கம் நகர்ந்து குரலைத் தணித்தாள்.

"எங்கட ஊட்ட வாறத வாப்பாட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"