மெயினை இறக்கும் நேரம்

இத்தனை வருடம் கழித்தும் அன்று வாங்கிய பேச்சை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆபீஸில் நான் ஒருத்தி, ஒரு கம்ப்யூட்டர். யார் யாரோ கொண்டுவரும் பிளாப்பியில் வைரஸ் வந்து விண்டோஸ் மாதம் ஒருமுறை படுத்துவிடும். சலித்துப்போய், பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸை ஏற்றினேன்.

முதலாளி ஒத்துக்கொண்டார். ஆனால், "சரிப்படலைன்னா என் மருமகன் வந்து அந்த சீட்ல உக்காந்துக்கிடுவான்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கறுப்புத் திரை. பாஸ்வேர்டு அடித்தால் ஒரு புள்ளிகூட விழாது. கீபோர்டு செத்துவிட்டதென்று அரை மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். சனியன், அடித்ததை வாங்கிக்கொண்டேன் என்று ஒரு சாடை காட்டினால் என்ன? அதையும் பழகினேன். ஆனால் தினமும் மதியச் சாப்பாடு முடிந்து வந்தால் திரை நிறைய இங்கிலீஷில் புலம்பல். டிஸ்க் கெட்டிருக்கிறதாம். காலையில் அடித்த பேக்கிங் லிஸ்டைக் காணோம்.

மூன்று நாள் இதே கதை. தறிக்காரர்கள் எல்லாரும் கேட்க முதலாளி கத்தினார்: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? திங்கக்கிழமை மருமகன வரச் சொல்லிட்டேன்."

நான்காம் நாள் சாப்பிடப் போகவில்லை. சங்கு ஊதியது. கண்ணெதிரே திரை பொசுக்கென்று அணைந்தது.

அட பாவிகளா!

எங்கள் தறிக்கூடத்தில் யாரும் தனியாக ஸ்விட்சைத் தொடக்கூடாது. சங்கு ஊதியதும் மேஸ்திரி மொத்த மெயினையும் இறக்குவார், ஆபீஸும் அதில்தான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை. விண்டோஸ் அந்த அடியை வாங்கிக்கொண்டு, நீலத் திரையில் டிஸ்க்கைக் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு எழுந்துவிடும். லினக்ஸைச் சொல்லித்தான் அணைக்க வேண்டும். விண்டோஸ் இருந்த இரண்டு வருடமும் நானும் ஒருநாள்கூட முறையாக அணைத்ததில்லை. அந்தத் தப்பு என்னுடையதும்தான்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "முப்பது வருசமா ஊதுனதும் இறக்குதேன். ஒரு டப்பாவுக்காக நிக்கணுமாக்கும்?" என்றார்.

மறுநாள் சங்கு ஊதும் சமயம், அணைக்கச் சொல்லி ஹால்ட் என்று தட்டிவிட்டு ஓடிப்போய் மெயின் பெட்டியை மறித்து நின்றேன். சங்கு ஊதியது. தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. முதலாளி ஓடிவந்தார்.

"என்னம்மா கூத்து இது?"

"செத்த நேரம் பொறுங்க. அது அணையட்டும், பொறவு மேஸ்திரி அண்ணாச்சி இறக்கட்டும்."

ஆபீஸ் கண்ணாடி வழியே பார்த்தேன்; அணைந்துவிட்டதாகத் திரையில் கடைசி வரி வந்தது. விலகினேன். சாப்பாட்டுக்குப் பின் கம்ப்யூட்டர் ஒரு முனகல் இல்லாமல் எழுந்தது. பேக்கிங் லிஸ்ட் அப்படியே இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "மிஷின் நல்லாத்தான் இருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிஷின்!

அதன்பின் மேஸ்திரி, "ஏம்மா, ஒன் டப்பா தூங்கிருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குவார். திங்கட்கிழமை மருமகன் வரவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னைச் சொன்ன சொல்லுக்கு முதலாளியிடமிருந்து ஒரு வார்த்தை வருமென்று, வேலையை விட்ட நாள்வரை காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.