ஏரிக்கரையில் அக்காவும் மச்சானும்

உச்சிப்புளியில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அரியமான் கடற்கரைக்குப் போகவேண்டும். சனி ஞாயிறு வந்தால் மதுரை வண்டிகள் வரிசை கட்டிப் போகும். சவுக்குத் தோப்புகளை ஒட்டி விடுதிகளின் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருக்கின்றன. "இன்னும் கொஞ்ச வருசம் போகட்டும், நம்ம ஊரு கொடைக்கானல் கணக்கா ஆயிரும்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் என் அக்கா அதைக் கேட்டுச் சிரிப்பாள். "ஆகட்டும், ஆகட்டும்" என்பாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. ஆனால் எங்கள் வீட்டில் கொடைக்கானலைப் பார்த்துச் சிரிக்க உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

நாங்கள் பிறந்தது கமுதிப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில். மிளகாய், பருத்தி, அதை விட்டால் கருவேலம். அக்காவுக்கு வாய்த்த மாப்பிள்ளை எங்களுக்கு முறைக்காரர்தான். சின்ன வயதிலேயே ஊரை விட்டு ஓடி, கொடைக்கானல் மலையேறி, ஏரிக்கரையில் டீக்கடை போட்டு, பிறகு வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து விடுதியாக்கியிருந்தார். அக்கா கல்யாணத்தன்று அய்யா பந்தியில் இலைக்கு இலை நின்று சொன்னார்: "காசுள்ளவன் ரெண்டு நா போயிப் பாத்துட்டு வார ஊரு. எம் மக காலம் பூரா அங்கனதான் இருக்கப் போறா."

பள்ளிக்கூடம் முடித்த கோடையில் நான் அக்காவிடம் போனேன். வத்தலக்குண்டு தாண்டிப் பேருந்து மலையேறியதும் காதடைத்தது. பங்களா ஏரிக்கு மேலே ஒரு சரிவில் இருந்தது. மரத்தரை. நடந்தால் வீடே முனகும். முற்றத்தில் பேரிக்காய் மரங்கள். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுக்கத் தெரியும். சில காலைகளில் மூடுபனி எழுந்து வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, பாத்திரங்களின் மேல் ஈரமாக உட்கார்ந்துவிட்டுப் போகும். ஏரியில் விரல் விட்டு எண்ணக்கூடிய படகுகள். கரையைச் சுற்றி நடந்தால் எதிரே ஒரு குதிரைக்காரன் வருவான், ஒரு கன்னியாஸ்திரி வருவார், அவ்வளவுதான். இப்படி ஓர் ஊர் பூமியில் இருக்கிறதா என்று இருந்தது எனக்கு.

அக்காவின் கைகளை அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். விரல் மடிப்புகளெல்லாம் வெடித்திருந்தன. விருந்தாளிகளின் படுக்கை விரிப்புகளை அவள்தான் துவைத்தாள், ஐஸ் போன்ற தண்ணீரில். பின்கட்டில் விறகு போட்டு எரிக்கும் பாய்லர் ஒன்று இருந்தது. அது விருந்தாளிகளுக்கு.

"ஒரு வாளி வெந்நி எடுத்துக்கிட்டா என்னக்கா?" என்றேன்.

"மச்சான் வேண்டாம்பாக. சூடு பழகிட்டா அப்புறம் பச்சத்தண்ணியில கை வைக்க மனசு வராதாம்."

மச்சான் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அவர் பேச்சு எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும். விருந்தாளிகள் அவரைத் தங்கமான மனிதர் என்றார்கள். ஒரு காலையில், சென்னையிலிருந்து வந்திருந்த புதுக்கல்யாண ஜோடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. அக்கா இட்லி கொண்டுவந்து வைத்தாள். நான் சட்னிக் கிண்ணத்தோடு பின்னால் நின்றேன். அந்தப் பெண் மச்சானைப் பார்த்து, "உங்க வைஃபா சார்?" என்று கேட்டாள்.

மச்சான் சிரித்தார். "இல்லம்மா. சமையலுக்கு இருக்குற பொம்பள. நம்ம ஊருப் பக்கந்தான். அது அவ தங்கச்சி, ஒத்தாசைக்கு வந்திருக்கா."

அக்கா சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் அடுத்த ஈட்டு இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இப்படிச் சொல்றாரு?"

"வாரவுகள்ட்டயெல்லாம் அப்படித்தான். பொண்டாட்டின்னு தெரிஞ்சா வேலை சொல்லக் கூச்சப்படுவாகளாம். நீ அய்யாட்ட போயி வாயத் தெறக்காத."

நான் திறந்தேன். ஊருக்கு வந்த அன்றே, அய்யா களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. "அடிக்கிறானா?" என்றார். இல்லை என்றேன். "சோறு போடுறானா?" என்றார். ஆமாம் என்றேன். "பெறகென்ன" என்று சொல்லிவிட்டு, அடுத்து மலைக்குப் போகிற ஆள் கையில் ஒரு மூட்டை வற்றல் கொடுத்து அனுப்பினார். அக்காவுக்கு எங்கள் ஊர் செய்தது அந்த ஒரு மூட்டை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்படி ஏறும்போது வழுக்கி விழுந்தாள். பெரிய சீசன் அது. எல்லா அறையிலும் ஆள். பெரியாஸ்பத்திரியில் கட்டிலோரம் வந்து நின்ற மச்சான், "சீசன்ல போயி இப்படி ஆகிப்போச்சே" என்றாராம். பிள்ளையைச் சொல்கிறார் என்று அக்கா ஒரு கணம் நினைத்தாளாம். அவர் துவைக்க ஆளில்லாததைச் சொல்லியிருக்கிறார். பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கவே இல்லை.

நான் உச்சிப்புளிக்கு வாக்கப்பட்டு வந்தபின் மலைக்குப் போவது குறைந்துவிட்டது. போகும் ஒவ்வொரு முறையும் ஊர் வேறாக இருந்தது. மச்சான் பங்களாவை விலைக்கே வாங்கிவிட்டார். பேரிக்காய் மரங்களை வெட்டினார். முற்றத்தில் மாடி எழுப்பினார், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. அக்கம்பக்கத்தாரும் அதையே செய்தார்கள். ஏரியை மறைத்து ஒருவன் கட்ட, அவனுக்கு முன்னால் இன்னொருவன் கட்டினான். எல்லா விடுதிகளின் பெயரிலும் ஏரி இருந்தது, ஜன்னலில் இல்லை. மச்சான் விடுதியில் உச்சி மாடியில் மட்டும் கழுத்தை வளைத்தால் ஒரு துண்டு தெரியும். அந்த அறைகளுக்கு வாடகை கூடுதல். கழிவு நீர்க் குழாய் பின்பக்க ஓடையில் இறங்கியது. ஓடை எங்கே போய் விழுகிறது என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்படி நிலவறைக்குப் போனது. பகலிலும் விளக்கு எரிந்தால்தான் அக்காவுக்கு அரிசியில் கல் தெரியும்.

மச்சான் தன் அண்ணன் மகனைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் அவன் பெயருக்கு மாற்றினார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுப் பலகையில் அவன் பெயரைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில் மச்சானுக்கு வலது பக்கம் விழுந்துபோனது. பேச்சும் போனது. நான் உடனே போக முடியவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். அடுத்த மார்கழி விடுமுறையில்தான் போனேன். இ-பாஸ் எடுத்து, மலைப்பாதையில் வண்டிகளுக்குப் பின்னால் அரை நாள் நின்று நின்று ஏறி ஊரை அடைந்தேன். ஏரிக்கரை முழுக்கக் கடை. சைக்கிள், சோளம், பஜ்ஜி, பலூன் சுடும் துப்பாக்கி, பாட்டுப் பெட்டி. ஜனங்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கரையோரம் பச்சையாகப் பாசி படர்ந்து சாக்கடை வாடை அடித்தது.

விடுதி வாசலில் அண்ணன் மகன், "சின்னம்மா சித்தப்பாவ ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக. நெதம் போவாக. காத்து வாங்க" என்றான். எனக்கு மனசு நிறைந்துபோனது. இவ்வளவுக்குப் பிறகும் பார்த்துக்கொள்கிறாளே என்று.

படகுத்துறைப் பக்கத்து நடைபாதையில் மச்சானைக் கண்டேன். சக்கர நாற்காலியில், ஆட்கள் நெருக்கியடித்துப் போகிற குறுகலான இடத்தில் தன்னந்தனியாக இருந்தார். கழுத்துவரை பழைய கம்பளி. தலை ஒரு பக்கம் சாய்ந்து எச்சில் வழிந்துகொண்டிருந்தது. மடியில் சில்லறை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் தன் பிள்ளையை முன்னால் தள்ளி, "தாத்தாவுக்குப் போடு" என்றாள். பிள்ளை ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. மச்சானின் வாய் கோணி ஒரு சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் இறங்கியது.

அக்கா கொஞ்சம் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! மச்சான் மடியில காசு போட்டுட்டுப் போறாகக்கா!"

"பாத்தேன். எப்ப வந்த?"

"எந்திரிச்சு வாக்கா. அவரு அழுகுறாரு."

"நெதந்தான் அழுகுறாரு. உக்காரு. சோளம் திங்கிறியா?"

"இது பாவம்க்கா."

"பாவந்தான். நான் என்ன புண்ணியம்னா சொன்னேன்?" அவள் சோளத்தைத் திருப்பிப் பிடித்தாள். "அவரு கூட்டுன கூட்டந்தானடி இது. ஆளு வரணும், ஆளு வரணும்னு கும்புடாத சாமி இல்ல. வந்திருக்காக. பாக்கட்டும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், உடனே எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். "சமையலுக்கு இருக்குற பொம்பள" என்று சொன்ன அந்த வாய் கோணிக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்கும் உள்ளுக்குள் எங்கேயோ இனித்தது. அப்போது ஒரு பெரியவர் குனிந்து, தான் கடித்து மீதி வைத்திருந்த பிஸ்கட்டை கம்பளிக்கு வெளியே கிடந்த மச்சானின் விழுந்துபோன வலது கையில் திணித்தார். அந்தக் கையால் அதைக் கீழே போடக்கூட முடியவில்லை. பிஸ்கட் அங்கேயே இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

போய் சில்லறையைத் தட்டிவிட்டேன். பிஸ்கட்டை எடுத்து எறிந்தேன். "வாங்க மச்சான், வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிக் கம்பளியை இழுத்துவிடக் குனிந்தேன். சட்டென்று கம்பளிக்குள்ளிருந்து அவருடைய இடது கை வந்து என் மணிக்கட்டுச் சதையைப் பிடித்தது. நன்றியாகப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிடித்துத் திருகினார். நகம் இறங்கத் திருகினார். நான் அலறிவிட்டேன். அவர் கண்ணில் அழுகை இல்லை இப்போது.

பின்னால் வந்த அக்கா சிரித்தாள். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக் காட்டினாள். பழைய தழும்பும் புதுக் கன்றலுமாகக் கறுத்து நீலம் பாரித்திருந்தது.

"குளிப்பாட்டும்போது அவரு எனக்கு இது. ஏரிக்கரையில நான் அவருக்கு அது. எது மொதல்ல வந்துச்சுன்னு கேக்காத, எனக்கே மறந்துபோச்சு."

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். முன்வாசல் வழியாகப் போனதுதான் தப்பாகப் போனது. அறை எடுக்க வந்திருந்த குடும்பம் ஒன்று மச்சானின் எச்சிலையும் சத்தத்தையும் பார்த்து முகத்தைச் சுளித்தது. அண்ணன் மகன் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் மெல்லிய குரலில் சொன்னான்: "சித்தப்பாவ இனி வெளிய கொண்டுபோக வேண்டாம். வாரவுகளுக்கு ஒரு மாதிரி இருக்கும்." குரல் அப்படியே மச்சான் குரல்.

அன்றோடு ஏரிக்கரைப் போக்கு நின்றது. நிலவறையில், பகலிலும் விளக்கெரியும் அந்த அடுப்படிக்குப் பக்கத்து அறையில், அவரையும் அக்காவையும் வைத்தார்கள். அவர் உயிர் போக அடுத்த ஐப்பசிவரை ஆனது. அதுவரை இரண்டு பேருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அங்கே என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை.

கருமாதி முடிந்து விருந்தினர் கை கழுவுவதற்குள் அண்ணன் மகன் என்னிடம் வந்தான். "சின்னம்மாவ எப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போறீக? அந்த ரூமுக்கு டைல்ஸ் ஒட்டணும்."

மறுநாளே கூட்டிவந்தேன். ஒரு பை, ஒரு ஸ்வெட்டர். ஊர் எல்லையில் நெரிசலில் பேருந்து நின்றபோது, பக்கத்துக் காரிலிருந்து ஒரு பையன் ஜன்னலில் இருந்த அக்காவிடம் கேட்டான்: "அம்மா, லேக் எந்தப் பக்கம்?" அக்கா ஏரிக்கு நேர் எதிர்த் திசையைக் காட்டினாள். கார் திரும்பி, வளைந்து, அந்தப் பக்கமே போனது.

இங்கே வந்த நாளிலிருந்து அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. "தண்ணியப் பாத்தது போதும்" என்றாள். கடற்கரையில் புதிதாகத் திறந்த விடுதிக்காரர்கள் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அக்கா அவர் இலையில் ரசத்தை ஊற்றினாள், கொதிக்கக் கொதிக்க, விரலில் பட்டு அவர் கையை உதறும் அளவுக்கு. "அய்யோ, பாக்கல தம்பி" என்றாள். பார்த்துத்தான் ஊற்றினாள்.

போன மாதம் அவள் முதுகுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கி ஒன்ன யாரு வண்டியத் தள்ளச் சொன்னா?"

"எந்த வண்டிக்கா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பெஞ்சும் ஒரு சோளமும். அதுலயும் மண்ணப் போட்ட."

"அழுதாரேக்கா."

"நான் அழுதப்ப எவளாச்சும் வந்து என்னையத் தள்ளிக்கிட்டுப் போனாளா?"

நான் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டேன். அவள் தோளைக் குலுக்கி, "எடது பக்கம் பூசு, அங்கனதான் அரிக்கிது" என்றாள். வாசலில் என் வீட்டுக்காரர் யாரோ ஒரு மதுரைக்காரருக்குக் கடற்கரைக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.